காத்திருப்புப் பள்ளி

எங்கள் அலுவலகத்தில் அவளுக்குத் தராசு என்று பெயர். அவளும் அதற்குத் திரும்பிப் பார்ப்பாள். பிஸ்கெட் பாக்கெட்டை அவள் பங்கு வைத்தால் உடைந்த தூளுக்கும் பங்கு உண்டு. தன் பங்கு கூடிவிட்டதோ என்று சந்தேகம் வந்தால் அன்று அவளுக்கு டீ இறங்காது. நேர்மையானவர்களோடு வேலை செய்வது சுலபம், குடும்பம் நடத்துவதுதான் கஷ்டம் என்பார் அவள் கணவர். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், எதையும் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்க்கத் தெரிந்தவர்.

எங்கள் பிழைப்பு மதிப்பீடு. பள்ளிக்கூடங்களில் யாராவது ஒரு நல்ல காரியம் தொடங்கினால், அது உண்மையிலேயே நல்லதுதானா என்று பார்த்துச் சொல்லக் கூலி வாங்குகிறவர்கள் நாங்கள். அந்த வருடம் வந்தது மனநலத் திட்டம். பள்ளிக்குள்ளேயே ஓர் அறை, அதில் ஓர் ஆலோசகி. மனசு சரியில்லாத பிள்ளை வகுப்பிலிருந்து எழுந்துபோய் அங்கே உட்கார்ந்து பேசலாம், பேசாமலும் இருக்கலாம். இதில் பலன் உண்டா என்று தெரிய, ஆலோசகி இல்லாத பள்ளிகளோடு ஒப்பிட வேண்டும். ஆகவே பாதிப் பள்ளிகளுக்கு இந்த வருடம், மீதிக்கு அடுத்த வருடம். அந்த மீதிக்கு நாங்கள் வைத்த பெயர் காத்திருப்புப் பள்ளி. ரயில் நிலையத்துக் கூடம் மாதிரி மரியாதையான பெயர்.

எந்தப் பள்ளி எந்தப் பக்கம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தோம். எடுத்தது தராசின் கை. வேறு யார் எடுத்தாலும் பேச்சு வரும். அவள் மகள் படிக்கும் பள்ளி காத்திருப்பில் விழுந்தது. உடனே எழுந்து, தன் பெண் அங்கே படிப்பதால் தன்னை இந்த வேலையிலிருந்து விலக்கிவிடலாம் என்றாள். மேலாளர் சிரித்தார். "சீட்டுக்கு உன் பொண்ணத் தெரியுமாம்மா?"

அப்போது அந்தப் பெண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. சரியான வாயாடி. அப்பாவின் கடையில் சோடாப்புட்டிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "இது நியாயமா?" என்று அம்மாவைப் போலவே நடித்துக் காட்டுவாள். மழைக்காலம் முடிவதற்குள் நடிப்பு நின்றது. காலையில் வயிற்றுவலி, ஞாயிற்றுக்கிழமைகளில் வலியும் விடுமுறை எடுத்துக்கொண்டது. பள்ளிக்குப் போனாலும் கழிப்பறையில் தாழ் போட்டுக்கொள்கிறாள் என்று வகுப்பாசிரியை சொல்லியனுப்பினார். மருத்துவமனைக்கு அழைத்தபோது வீட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எனக்கென்ன பைத்தியமா?" அறை பள்ளிக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதற்குத் திட்டம் போட்டவர்கள் சொன்ன முதல் காரணமே இந்தக் கேள்விதான். திட்ட அறிக்கையின் அந்தப் பத்தி தராசுக்கு மனப்பாடம்.

விஷயம் பக்கத்துப் பள்ளி ஆலோசகியின் காதுக்குப் போனது. இளம்பெண். ஒரு மாலை வாசலுக்கே வந்துவிட்டாள்.

"அக்கா, நான் ஆலோசகியா வரல. டீ குடிக்க வந்திருக்கேன். பொண்ணு பேசுனா பேசட்டும், இல்லன்னா நாம ரெண்டு பேரும் ஊர்வம்பு பேசுவோம்."

தராசு கதவைப் பாதி சாத்திக்கொண்டு நின்றாள். "வேணாம்மா. காத்திருக்கிற பிள்ளைங்களுக்கு நீ எதுவும் செய்யக் கூடாது. என் பொண்ணுங்கிறதால செஞ்சா கணக்கு சாஞ்சிடும். கணக்கு முடியட்டும்."

கணவர் வாதாடிப் பார்த்தார். மற்றப் பிள்ளைகளின் அம்மாக்கள் இந்த அலுவலகத்தில் வேலை பார்க்கவில்லையே, இவளுக்கு மட்டும் எப்படி என்றாள் அவள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார், வெகு நேரம்.

பரீட்சைக்கு முன்பே பெண் பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். அதற்கு முன், பலனை அளக்க எல்லாப் பள்ளிகளிலும் நாங்கள் கொடுத்த கேள்வித்தாளுக்கு மட்டும் ஒன்று விடாமல் பதில் எழுதியிருந்தாள்; அந்த விஷயத்தில் அம்மாவின் பெண்.

முடிவு பிரமாதமாக வந்தது. ஆலோசகி இருந்த பள்ளிகளில் பிள்ளைகள் கொஞ்சம் தேறியிருந்தார்கள். காத்திருந்த பள்ளிகளில் கொஞ்சம் சரிந்திருந்தார்கள். நடுவே இருந்த இடைவெளிதான் எங்கள் வெற்றி. அதில் ஒரு நூலளவு அவள் மகள்.

அன்று அலுவலகத்தில் டீயும் பிஸ்கெட்டும். பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு தராசு மேலாளரிடம் கேட்டாள், காத்திருந்த பிள்ளைகளில் ஒருத்திக்கு மட்டும் உதவி கிடைத்திருந்தால் முடிவு மாறியிருக்குமா என்று.

"அத்தனை பிள்ளைங்கள்ல ஒண்ணு தூசும்மா," என்றார் அவர். "கணக்கு அசைஞ்சிருக்கவே இருக்காது."

ஆறுதலாகத்தான் சொன்னார். பிஸ்கெட்டை அன்று வேறு யாரோ பங்கு வைத்தார்கள்.

அடுத்த வருடம் சொன்ன சொல் தவறாமல் அந்தப் பள்ளியிலும் அறை திறந்தது. இரண்டு நாற்காலி, நீலத் திரை, அதே இளம் ஆலோசகி. முதல் வாரமே வீட்டுக்கு வந்தாள். இம்முறை கதவு முழுதாகத் திறந்தது. பிறகு நடந்தது கணவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

தராசு மகளின் அறைக் கதவில் கை வைத்துச் சொன்னாளாம்: "பாப்பா, அந்த மிஸ் வந்திருக்காங்க."

உள்ளேயிருந்து மகளின் குரல் மட்டும் வந்தது.

"கணக்கு முடிஞ்சிடுச்சாம்மா?"

அதில் கேலி இல்லை, கோபமும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருக்கிறாள்.

"முடிஞ்சிடுச்சு கண்ணு."

"அப்ப சரி."

தாழ் திறக்கும் சத்தத்துக்காக மூன்று பேரும் காத்திருந்தார்கள். கடைசியில் கண்ணாடிக் கடைக்காரர்தான் எழுந்து, ஆறிப்போன டீயைச் சூடு பண்ண எடுத்துப் போனார்.