மகிழமரத்தின் பெயர்ப்பலகை

எனக்குக் கோபம் வந்தால் தமிழ்தான் வரும். தில்லியில் இத்தனை வருடம் இருந்தும் இந்தியில் ஒழுங்காகச் சண்டை போடத் தெரியாது. அன்று எதிரே நின்றவர் தமிழராக இருந்தது அவருடைய போதாத காலம்.

ஞாயிறு காலைகளில் துவாரகாவிலிருந்து மெட்ரோ பிடித்து அந்தத் தாவரவியல் பூங்காவுக்குப் போவேன். வாரம் முழுக்கக் கணினியோடு மாரடிக்கிற எனக்கு, மண்ணில் கை வைக்கக் கிடைத்த ஒரே இடம் அது. ஆட்கள் போதாததால் எங்களைப் போன்ற தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். களை பிடுங்குவோம், தண்ணீர் ஊற்றுவோம், சருகைக் கூட்டி உரக்குழியில் போடுவோம். குழுத் தலைவர் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர், ஆர்.கே.புரத்தில் மகனுடைய குவார்ட்டர்ஸிலிருந்து வருவார். வேலை செய்வதைவிட அதைப் படம் பிடிப்பதில்தான் அவருக்கு அக்கறை.

மரங்களுக்குப் பெயர்ப்பலகை மாட்டியதும் அவர்தான். யோசனை நல்லதுதான். ஆனால் அவர் கூட்டிவந்த ஆள் பலகைகளைக் கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டுப் போனான். மரம் பருக்கும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மற்றவை முற்றிய மரங்கள், தாங்கிக்கொண்டன. வாசலருகே இருந்த இளம் மகிழமரத்தில் கம்பி பட்டைக்குள் புதைந்துவிட்டது. அதற்கு மேலே பட்டை உதடு போல வீங்கி, உச்சிக் கிளைகளில் இலை பழுத்து உதிர்ந்துகொண்டிருந்தது. இலை சமைக்கிற சாப்பாடு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்க வேண்டும். நாங்கள் கழுத்தை நெரித்து வைத்திருந்தோம். அந்தப் பலகையில் மரத்தின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் 'பராமரிப்பு' என்று போட்டு எங்கள் குழுவின் பெயர்!

"அங்கிள், இந்தக் கம்பிய இன்னிக்கே வெட்டணும். மரம் செத்துப்போயிடும்."

"அச்சா, வெட்டலாம்மா. என்ன ஜல்தி? அடுத்த சண்டே சீஃப் கெஸ்ட் வரார். ஃபங்ஷன் முடியட்டும்."

"போர்டு இல்லேன்னா என்ன அங்கிள்? மரம் இருக்குமே."

"போர்டு இல்லாத மரத்த யாரும்மா பார்ப்பா?"

எனக்குச் சுர்ரென்று தலைக்கு ஏறியது. பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்தேன். அவர் "அரே, அரே" என்று ஓடிவருவதற்குள் கம்பியை வெட்டிவிட்டேன். பலகை கீழே விழுந்தது. பாதிக் கம்பியைத்தான் உருவ முடிந்தது. மீதியைப் பட்டை விழுங்கியிருந்தது. அவர் கத்தினார், நானும் கத்தினேன். குழுவில் மற்ற எல்லோரும் திடீரென்று களை பிடுங்குவதில் மும்முரமாகிவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்கு இன்னும் அதிகக் கோபம்.

அடுத்த ஞாயிறு போனால், அதே மரத்தில் அதே பலகை. பக்கத்தில் அவர், முகமெல்லாம் சிரிப்பு.

"இப்போ சந்தோஷமா? நீ சொன்ன மாதிரி கம்பியே இல்ல பாரு."

கம்பி கட்டவில்லைதான். நாலு மூலையிலும் ஆணி அடித்திருந்தார்கள்.

பையிலிருந்து பிளேயரை எடுத்தேன். ஒவ்வொரு ஆணியாகப் பிடுங்கினேன். துளைகளில் பால் கசிந்தது. பலகையை அவர் கையில் திணித்தேன்.

"போர்டுதானே வேணும்? நீங்களே பிடிச்சுக்கிட்டு நில்லுங்க அங்கிள்."

அதுவாவது உறைக்கும் என்று நினைத்தேன். அதற்குள் சிறப்பு விருந்தினரின் கார் வந்து நின்றது. அங்கிள் தலையைக் கோதிக்கொண்டு, பலகையை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி மரத்தின் முன்னால் போய் நின்றார். விருந்தினர் கை குலுக்கினார். எல்லோரும் கை தட்டினார்கள், யாரோ படம் எடுத்தார்கள்.

மரத்தின் உச்சி பட்டுப்போய்விட்டது. கம்பி இருந்த இடத்துக்குக் கீழே சில துளிர்கள் விட்டிருக்கின்றன. அதைப் பார்க்க இப்போதும் போகிறேன், பையில் கட்டிங் பிளேயரோடு.

வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்குவதற்கு முன் அந்தப் படம் எனக்கும் வந்து சேர்ந்தது. பலகையில் எங்கள் குழுவின் பெயர் பளிச்சென்று தெரிகிறது. மரத்தை அவர் உடம்பு முழுசாக மறைத்திருக்கிறது. படத்தை நான் அழிக்கவில்லை. கோபம் தணிகிற மாதிரி இருந்தால் எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.