குளிர்கிறது என்று எழுதியவள்

என் அலமாரியின் அடித்தட்டில் ஒரு பச்சைச் சுவெட்டர் பிளாஸ்டிக் பைக்குள் கிடக்கிறது. எங்கள் ஊர் கூலிம் இரவுச் சந்தையில், பழைய துணிகளை மலையாகக் குவித்து விற்பவரிடம் வாங்கியது. இந்த ஊர் வெயிலுக்குச் சுவெட்டரா என்று கேட்பவர்கள் கணினிச் சில்லு செய்யும் தொழிற்சாலைக்குள் ஒரு நாளும் நின்றிருக்க மாட்டார்கள். தலை முதல் கால் வரை வெள்ளை உடையை மாட்டிக்கொண்டு, எட்டு மணி நேரம் அந்தக் குளிரில் சில்லுகளைச் சோதித்துக்கொண்டிருந்தால் எலும்புக்குள் ஐஸ் இறங்கிவிடும். நான் அந்த வேலையை விட்டு ஆறு வருடம் ஆகிறது. சுவெட்டரைப் போடுவதுமில்லை, தூக்கி எறிவதுமில்லை. வீட்டில் யாராவது அதைப் பற்றிக் கேட்டால் எரிந்து விழுகிறேன்.

எங்கள் கம்பெனி பஸ்ஸை ஓட்டியவரை எல்லோரும் பஸ் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர், ஐம்பதைத் தாண்டியவர், கழுத்தில் எப்போதும் ஒரு துண்டு கிடக்கும். பிற்பகல் இரண்டு மணிக்கு மதிய ஷிப்ட் ஆட்களைக் கொண்டுவந்து இறக்குவார். மூன்றேகாலுக்கு, காலை ஷிப்ட் முடித்து வரும் எங்களை ஏற்றிக்கொண்டு போவார். தோட்டத்து முச்சந்தியில் வெயிலில் நின்று ஏறுகிறவர்கள், "அண்ணே, ஏர்கோன் வேலையே செய்யலையே" என்பார்களாம். அதே பஸ்ஸில் நாங்கள் ஏறி, "அடைச்சிடுங்கண்ணே, விறைச்சே செத்துருவோம்" என்போம். "உங்க ரெண்டு கூட்டத்தையும் ஒன்னா கட்டிப்புடிச்சு உக்கார வச்சாத்தான் சரியா வரும்லா" என்று சிரிப்பார். என் சுவெட்டரைப் பார்த்தால் கேலி இன்னும் கூடும். "என்ன தங்கச்சி, கேமரன் மலைக்கா கிளம்பிட்ட?"

வெயிலைப் பற்றி அவர் ஓயாமல் பேசுவார். "முன்ன மூணு மணிக்கு இருட்டும், நாலு மணிக்கு மழை கொட்டிட்டுப் போயிடும். இப்ப இருட்டுது, காத்தடிக்குது, ஏமாத்திட்டுப் போயிடுது. இது நான் பார்த்த வெயில் இல்ல தங்கச்சி." நான் நம்பவில்லை. வருஷா வருஷம் எல்லோரும் இதையே சொல்கிறார்கள் என்று நினைத்தேன். குளிர்சாதன அறையில் தூங்கி, குளிர்சாதன பஸ்ஸில் போய், அதைவிடக் குளிரான இடத்தில் வேலை செய்தவள் நான். எனக்கு வெயில் என்பது பஸ் படியிலிருந்து தொழிற்சாலை வாசல் வரை உள்ள நாற்பது காலடிதான். அந்த நாற்பது காலடியும் எனக்குச் சுகமாகவே இருந்தது.

நான் வேலையை விடுவதற்கு முந்தைய வருடம், தைப்பூசம் முடிந்ததிலிருந்து மழை இல்லை. காத்திருக்கும் நேரம் முழுவதும் அண்ணன் எஞ்சினை ஓட விட்டுக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பார். ஜன்னல் திறக்க முடியாத பஸ் அது. நிறுத்துமிடத்தில் இருந்த இரண்டு மரங்களையும் கார்கள் மேல் கிளை விழுகிறதென்று வெட்டிவிட்டார்கள். அதையெல்லாம் நான் யோசிக்கவில்லை. ஒரு நாள் பல் கிட்டித்துக்கொண்ட ஆத்திரத்தில், பெயர் போடாமல் ஒரு புகார்க் கடிதம் எழுதிக் கம்பெனிப் புகார்ப் பெட்டியில் போட்டேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் எஞ்சினை ஓட விட்டுப் பஸ்ஸை ஐஸ் பெட்டியாக்கி வைக்கிறார் என்று எழுதினேன். மறு வாரமே, காத்திருக்கும்போது எஞ்சினை அணைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அன்று பஸ்ஸில் ஏறியபோது அடுப்படிக்குள் நுழைந்தது போல இதமாக இருந்தது. எனக்குச் சந்தோஷம், அதை மறைக்கவில்லை. அண்ணன் துண்டைப் பிழிந்துகொண்டே, "யாரோ ஒரு புண்ணியவதி எழுதிப் போட்டுட்டா. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தானே தெரியும்" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் மூன்றேகாலுக்கு வெளியே வந்தோம். பஸ் கதவு திறந்திருந்தது. அண்ணன் ஸ்டீரிங்கில் தலை சாய்த்திருந்தார். தூங்குகிறார் என்று ஒருத்தி கை தட்டினாள். நான் தோளைத் தொட்டேன், கொதித்தது. உடம்பில் ஒரு சொட்டு வேர்வை இல்லை. வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு ஏதோ உளறினார். குளிர்காய்ச்சல் என்று நினைத்துவிட்டேன். நடுங்குகிறவரைப் போர்த்த வேண்டும், நம் வீடுகளில் அதைத்தானே செய்வோம்? குளிரிலிருந்து வந்த என் உடம்பும் அதையே சொன்னது. சுவெட்டரைக் கழற்றி அவர் கழுத்து வரை இழுத்துப் போர்த்தி, இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். காவலுக்கு நின்ற நேப்பாளத்துக்காரர் ஓடி வந்து, "புக்கா! புக்கா!" என்று, கழற்று என்பதை மலாயில் கத்திக்கொண்டே அதை உருவி எறிந்தார். கையில் கிடைத்த தண்ணீர்ப் போத்தல்களையெல்லாம் அண்ணன் தலையில் கவிழ்த்தார். அப்போதும் நான், "ஜன்னி வந்துடும்" என்று அந்தக் காவலாளியின் கையைப் பிடித்துத் தடுத்தேன்.

வெயில் தாக்கியிருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அண்ணன் பிழைத்துக்கொண்டார். ஆனால் மறுபடி பஸ் ஓட்ட வரவில்லை. அடுத்த வருடம் நானும் வேலையை விட்டேன். இப்போதெல்லாம் மதியம் இரண்டு மணி ஆனால் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்வதில்லை. ஏர்கோனை அடைப்பேன், திறப்பேன், வாசலுக்குப் போய் வானத்தைப் பார்ப்பேன். என் பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடத்திலிருந்து, வெயில் அதிகம், பிள்ளைகளைத் திடலில் விளையாட விடமாட்டோம் என்று கைப்பேசியில் செய்தி வரும். வெயிலைப் பற்றி அண்ணன் சொன்னது சரிதான் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

போன மாதம்தான் துணிந்து பெண்டாங்கில் உள்ள அவர் மகள் வீட்டுக்குப் போனேன். தடித்த திரை போட்ட அறையில் ஏர்கோன் ஓடிக்கொண்டிருந்தது. "உடம்பு வேர்க்கவே மறந்து போச்சு தங்கச்சி. வெயில் ஆகாதுன்னுட்டாங்க" என்றார். பத்து நிமிடத்தில் எனக்கு நடுக்கம் எடுத்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு, "தங்கச்சிக்குக் குளிரும்" என்று ஏர்கோனை அடைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் அவர் முகம் சிவந்து, மூச்சு வாங்கியது. மகள் என்னையே பார்த்தாள். நான் ரிமோட்டைப் பிடுங்கி மறுபடி போட்டேன். அந்த வேகத்திலேயே, கடிதம் எழுதியது நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

அவர் ஜன்னல் திரையை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடினார். பிறகு, "உனக்குக் குளிர்ந்துச்சு, எழுதின. எனக்கு வெந்துச்சு, நான் எழுதல" என்றார். கோபமா, சமாதானமா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. கிளம்பும்போது, "அந்தப் பச்சை சுவெட்டர் எங்க? அடுத்த வாட்டி அதைப் போட்டுட்டு வா லா, அப்பத்தான் இங்க உக்கார முடியும்" என்றார். மயங்கிக் கிடந்த அந்த நாளில், பஸ்ஸை நிறுத்தியதற்குப் பின் நடந்தது எதுவும் அவருக்கு நினைவில்லை. அவரைப் போர்த்தியது எதை வைத்து என்று நானும் சொல்லவில்லை.

இன்று காலை அண்ணனின் மகள் போன் செய்தாள். "அப்பா கேக்குறாரு, எப்ப வர்றீங்க?" கையில் கிடைத்த சாக்கைச் சொன்னேன். சுவெட்டரைத் துவைக்கப் போகிறேன், காய்ந்ததும் போட்டுக்கொண்டு வருகிறேன் என்றேன். சொன்னதற்காக அதைப் பையிலிருந்து எடுத்து, துவைத்து, பதினொரு மணிக்குக் கொடியில் போட்டேன். வேலைக்குப் போன காலத்தில் அது காய இரண்டு நாள் ஆகும். இன்று இரண்டு மணிக்கே காய்ந்துவிட்டது.