சுண்டுவிரலுக்கு இடமில்லாத துவக்கு

போன கிழமை களுவாஞ்சிக்குடிச் சந்தையடியில் என் ஸ்கூட்டிக்குக் காற்றுப் போய்விட்டது. ஒட்டுக் கடையில் எனக்கு முன்னால் ஒரு சைக்கிள் நின்றது. கடைக்காரர் அதன் டியூப்பை அரத்தால் உரசி, சொலுசன் பசையைப் பூசி, காயட்டும் என்று வாயால் ஊதினார். அந்த மணம் மூக்கில் ஏறியதுதான் தாமதம், என் வலது கையில் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலுள்ள சதை கடுக்கத் தொடங்கிவிட்டது. மணம் என்றால் மற்றவர்களுக்கு அம்மாவின் மீன்குழம்பு ஞாபகம் வரும். எனக்குத் துவக்கு ஞாபகம் வருகிறது.

பதறவேண்டாம். ஓட்டப் போட்டியைத் தொடக்கிவைக்கிற, சத்தம் மட்டும் போடுகிற சின்னப் பிஸ்டலைத்தான் சொல்கிறேன். அது யாரையும் சுட்டதில்லை, என்னைத் தவிர.

உள்நாட்டுச் சண்டை முடிந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு முதல் நியமனம். அப்போது பாலம் இல்லை. ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியில் மிதந்து போகிற தட்டு ஒன்று இருந்தது. அதைப் 'பாதை' என்பார்கள். தண்ணீரில் நகர்கிற ஒன்றுக்குப் பாதை என்று பெயர் வைத்தவர் என்னைப்போலக் கணித ஆசிரியராக இருக்க வாய்ப்பில்லை. ஆம், நான் கணித டீச்சர். விளையாட்டுக்கும் எனக்கும் உள்ள உறவு பஸ்ஸைத் துரத்திப் பிடிப்பதோடு முடிந்துவிடும்.

அதுவரை எங்கள் பள்ளிக்கூடத்தில் இரண்டு பலகைக் கட்டைகளைச் சேர்த்து அடித்துத்தான் ஓட்டம் தொடங்குவார்கள். அந்த வருடம் கொழும்பிலிருக்கும் பழைய மாணவர் ஒருவர், மலிவாகக் கிடைத்ததென்று இந்தப் பிஸ்டலை வாங்கி அனுப்பியிருந்தார். பெட்டியைத் திறந்ததும் பள்ளிக்கூட அதிபர் தன் கதிரையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். விளையாட்டு ஆசிரியர் யோகராசா சேர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"சேர், நான் துவக்கத் தொடமாட்டன் எண்டு அம்மாக்குச் சத்தியம் பண்ணின ஆள். கட்டையெண்டாத் தாங்க, கை நோகும்வரைக்கும் அடிக்கிறன்."

அதிபரின் கண் ஆசிரியர் அறையை ஒரு சுற்றுச் சுற்றி என் கைகளில் வந்து நின்றது.

"டீச்சர்ர கை நல்ல பெரிய கை."

அந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்த காலம் முழுவதிலும் அவர் என்னைப் புகழ்ந்தது அந்த ஒரு தடவைதான்.

பெரிய கைதான் பிரச்சினையே. பிஸ்டலின் கைப்பிடி, வாங்கின விலைக்கு ஏற்ற நீளம். இரண்டு விரல் வசதியாகப் பிடிக்கும், மூன்றாவது ஒதுங்கிக்கொள்ளும், சுண்டுவிரல் கதிரை கிடைக்காத கலியாண விருந்தாளியைப்போலக் காற்றில் தொங்கும். பிளாஸ்டிக்கின் இரண்டு பாதியும் சேருகிற விளிம்பு உள்ளங்கையை அறுக்கும். பின்னாலுள்ள சுத்தியல் ஒவ்வொரு வெடிக்கும் பெருவிரல் சதையைக் கிள்ளும். வியர்த்துவிட்டால் முழுத் துவக்கும் குளத்து விராலாக வழுக்கும். போட்டி நடக்கிற மார்ச் மாதத்தில் எங்கள் பக்கம் வியர்க்காத மனிதர் இல்லை.

போட்டி நாள் வந்தது. 'பொதுமக்கள் வெடிச்சத்தத்துக்குப் பயப்படவேண்டாம்' என்று காலையிலிருந்தே ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சொல்லச் சொல்லத்தான் எனக்குப் பயம் கூடியது.

மத்தியான வெயிலில் பெண்களுக்கான நூறு மீற்றர் இறுதி ஓட்டம். அதில் முதலாவதாக வருகிற ஒருத்திதான் பல பள்ளிக்கூடங்கள் மோதுகிற வலயப் போட்டிக்குப் போவாள். அது நிரோஜினிதான் என்று பள்ளிக்கூடமே முடிவுகட்டி வைத்திருந்தது. பதினாறு வயது, வெறுங்கால், எந்நேரமும் எதையோ கேட்டுக்கொண்டிருப்பவள்போல ஒரு பக்கம் சாய்ந்த தலை.

"இடத்துக்கு… தயார்…"

என்று சொல்லிக் கையை உயர்த்தியபோது துவக்கு உள்ளங்கையில் திரும்பியது. சுண்டுவிரலால் அதை நிமிர்த்தப் பார்த்தேன். அதற்குப் பிடிக்க ஒன்றுமில்லை. விசை பாதி அமுங்கி, சுத்தியல் சும்மா விழுந்து, 'டிக்' என்றது. வெடிக்கவில்லை. மற்ற ஐந்து பிள்ளைகளும் அசையவில்லை. நிரோஜினி மட்டும் பாய்ந்துவிட்டாள்.

யோகராசா சேர் சிவப்புக் கொடியைத் தூக்கினார். "முந்திப் பாய்ஞ்சிற்றாய். வெளிய வா புள்ள."

அவள் என்னைப் பார்த்தாள். நான் துவக்கைப் பார்த்தேன். பிழை என்னுடையது என்று சொல்ல ஒரு வசனம் போதும். ஆனால் பந்தலில் பிரதம விருந்தினர் இருந்தார், நான் வேலைக்கு வந்து மூன்று மாதம், வாய் திறக்கவில்லை. இரண்டாம் தடவை துவக்கு ஒழுங்காக வெடித்தது. தர்சினி என்ற பிள்ளை வென்றாள்.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை என்று எழுதலாம், பொய்யாகிவிடும். நன்றாகவே இறங்கியது. ஆனால் வகுப்பில் கரும்பலகையிலிருந்து திரும்பும்போதெல்லாம் மூன்றாம் வரிசை வாங்கில் அந்தச் சாய்ந்த தலை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் துவக்கைச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, பாதை வந்து நிற்கிற துறையடியிலிருந்த சைக்கிள் கடைக்குப் போனேன். அந்தப் பக்கம் இருந்ததே ஒரு கடைதான். அது நிரோஜினியின் தகப்பன் பரமலிங்கத்தின் கடை என்பதுதான் சிக்கல்.

பைக்குள்ளிருந்து வெளியே வந்த சாமானைக் கண்டதும் அவர் முதலில் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"இதுக்கு நான் என்ன டீச்சர் செய்ய? காத்தா அடிக்க?"

"கை வழுக்குதண்ணே. பிடிக்க ஏலாம இருக்கு."

"சுடுமா?"

"சத்தம் மட்டும்தான்."

அவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "எங்கட புள்ள முந்திப் பாய்ஞ்சிற்றாள் எண்டு வெளியில போட்டாங்களாம். வீட்டில அவள் கதைபேச்சு இல்ல."

"அவள் முந்தல்ல. இது என்ர கையில திரும்பி 'டிக்'கெண்டது. அவளுக்குக் காது கூர்மை, அதுதான் பாய்ஞ்சவள். பிழை என்னில."

அவர் துவக்கை மேசையில் வைத்தார்.

"அப்ப ஏன் அண்டைக்கே சொல்லல்ல?"

"பயத்தில."

"துவக்கு உங்கட கையில. பயமும் உங்களுக்கா?"

நான் எழும்பிப் போக நினைத்தபோது அவர் முக்காலியைக் காலால் தள்ளினார்.

"இரிங்க. கையத் தாங்க பாப்பம்."

பழைய பேப்பரில் என் கையை வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டார். "என்ன கை டீச்சர் இது!" என்று ஒருமுறை வியந்துவிட்டு வேலையில் இறங்கினார். விளிம்பை அரத்தால் மழுக்கினார். தேய்ந்த றப்பர் செருப்பின் குதிகால் பக்கத்தை வெட்டி, கைப்பிடிக்குக் கீழே சொலுசனால் ஒட்டி, என் சுண்டுவிரலுக்கு அளவாகக் குடைந்தார். பிறகு சைக்கிள் டியூப்பில் ஒரு துண்டு நறுக்கி, மேலெல்லாம் சொரசொரப்பாக உரசி, குழந்தைக்குக் காலுறை போடுவதுபோல் இழுத்து ஏற்றினார். சுத்தியல் கிள்ளுகிற இடத்தில் அதே றப்பரை ஒரு நாக்குப்போல நீட்டிவிட்டார்.

பிடித்துப் பார்த்தேன். விரல்கள் எல்லாம் வீடு போய்ச் சேர்ந்திருந்தன. மேலும் கீழும் ஆட்டினேன். அசையவில்லை.

"எவ்வளவண்ணே?"

"ஒண்டும் வேணாம். மறுகா ஒருக்கா ஓட விடுங்க."

அதிபரின் அறையில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நெற்றியைத் தடவினார். "விருந்தினர் கேடயமும் குடுத்திட்டுப் போயிற்றார். இனி அதப் பறிக்கிறயா?"

"கேடயம் தர்சினியிட்டயே இருக்கட்டும் சேர். வலயத்துக்குப் போறது ஆரெண்டு மட்டும் ஓடிப் பாப்பம்."

யோகராசா சேர் தொண்டையைச் செருமினார். "கொடி தூக்கினவன் நான். நானும் ஓடவிடத்தான் சொல்லுறன்."

தர்சினியிடம் கேட்டோம். "ஓடுறன் டீச்சர், மறுகாவும் வெல்லுவன்" என்றாள். நிரோஜினிதான் முரண்டு பிடித்தாள். "துவக்கு வேணாம், கட்டையால அடிக்கச் சொல்லுங்க." நான் துவக்கை அவள் கையில் கொடுத்தேன். டியூப்பை நகத்தால் கிண்டினாள், முகர்ந்து பார்த்தாள். "அப்பாட ஒட்டு. கழலாது" என்று திருப்பித் தந்தாள்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஓட்டம். விருந்தினர் இல்லை, பந்தல் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. தெருவில் போகிறவர்களுக்கு அறிவிக்கவேண்டும் என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"தயார்…"

துவக்கு சிலைபோல நின்றது. விசையை அமுக்கினேன், வெடித்தது. ஆறு பிள்ளைகளும் ஒன்றாகப் பாய்ந்தார்கள். பெருமையோடு திரும்பிப் பார்த்தால் தெருவில் ஒரு மனிதரும் நிற்கவில்லை. எல்லோரும் தரையில். மரக்கறிப் பையோடு இரண்டு பெண்கள் மதிலடியில் சுருண்டிருந்தார்கள். விறகு கட்டிய சைக்கிள் ஒன்று நடுத்தெருவில் கிடந்து சக்கரத்தைச் சுழற்றியது. வேலியோரம் மகளின் ஓட்டத்தைப் பார்க்க வந்திருந்த பரமலிங்கம், தன் கையால் செய்த துவக்கின் சத்தத்துக்கு, வயிறு நிலத்தில்படக் கிடந்தார்.

மெல்ல ஒவ்வொரு தலையாக எழும்பியது. "ஆருகா அது பள்ளிக்குடத்துக்குள்ள வெடி போடுற?" என்று ஒரு பெண் பெருங்குரலில் ஏசினாள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார்கள். பரமலிங்கம் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "நான்தான் செஞ்சு குடுத்தனான். எண்டாலும் உடம்புக்குத் தெரியல்லயே டீச்சர்."

இந்தக் கூத்தில் ஓட்டத்தின் முடிவை நான் பார்க்கவேயில்லை. ஒரு கை நீளத்தில் தர்சினிதான் வென்றாளாம். எனக்கு அழுகை வந்தது. நிரோஜினி மூச்சிரைக்க என்னிடம் வந்தாள்.

"அண்டைக்கு உங்கட கையால தோத்தன் டீச்சர். இண்டைக்கு என்ர காலால. இது பரவாயில்ல."

இப்போது அவள் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். தெருவில் கண்டால் ஒரு விரலை வானத்துக்கு நீட்டி, "டிக்" என்று சொல்லிவிட்டுப் போவாள். மண்முனையில் பாலம் வந்ததும் பாதை நின்றது, பாதை நின்றதும் துறையடிக் கடையும் மூடப்பட்டது. நான் மாற்றலாகி வந்த பிறகு அந்தத் துவக்கு எந்த அலுமாரிக்குள் போனதோ தெரியாது.

போன மாதம் இங்கே ஒரு பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்குப் போயிருந்தேன். இப்போது துவக்கு கிடையாது. கம்பி பூட்டிய ஒரு பெட்டியில் பொத்தானை அமுக்கினால், ஒலிபெருக்கிகளிலிருந்து வெடிச்சத்தம் வருகிறது, எங்களுடையதைவிட இரண்டு மடங்கு பெரிதாக. அது வெடித்தபோது நான் ஓடிய பிள்ளைகளைப் பார்க்கவில்லை, சனத்தைப் பார்த்தேன். ஒரு தாய் ஐஸ்பழக் குச்சியை வாயில் வைத்துக்கொண்டே போனில் படம் பிடித்தாள். மடியில் கிடந்த குழந்தை புரண்டுகூடப் படுக்கவில்லை. பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த எழுபது வயது அம்மா மெதுவாக என் பக்கம் திரும்பி, "தொடங்கிற்றா புள்ள?" என்று கேட்டார்.