மடக்கு சீட்டும் மாப்பிள்ளை மரியாதையும்

பழைய கார் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் இயந்திரத்தைப் பற்றித்தான் விசாரிப்பார்கள் என்பது, ஒருநாளும் கார் விற்றிராதவர்களின் நினைப்பு.

நான் பினாங்கில் பிறந்து அங்கேயே படிப்பை முடித்தவள். புதுக்கோட்டைச் சமஸ்தானம் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்த 1948இல் மணமாகி அங்கே வந்தேன். நாட்டை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்களிடம் என் கணவர் சென்னையிலும் பெங்களூரிலும் கார்களை வாங்கி வருவார். திருமயம் சாலையில் இருந்த எங்கள் ஷெட்டில் அவை விலைக்கு நிற்கும். அவர் வெளியூரில் இருந்த நாட்களில் ஷெட் என் பொறுப்பு. கார்களோடு வந்த ஆங்கிலக் கையேடுகளைப் படித்துச் சொல்ல அந்த வட்டாரத்தில் வேறு ஆள் இல்லை என்பது முதற் காரணம். நான் விலையைக் குறைக்க மாட்டேன் என்பது இரண்டாவது. ஏழு பேர் உட்காரும் கார் வேண்டும் என்று அலைந்து களைத்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அப்படி அலைந்த ஒரு குடும்பத்தை, கார் விற்கும் பக்கம் நின்று பார்த்தவள் நான். வாடிக்கையாளரைப் புகழும் வழக்கம் எனக்கு இல்லை. இந்தக் குடும்பத்திடம் மட்டும் அந்த வழக்கத்தை மீற வேண்டியிருந்தது.

எண்ணிக்கையில் வராத ஆள்

அரிமளத்துச் சிதம்பரம், ஈப்போவில் இருந்த கடையை மூடிவிட்டுப் பெற்றோருடனும் மனைவியுடனும் ஊரோடு வந்து சேர்ந்தவர். "ஏழு பேரு உக்காருற மாதிரி ஒரு பிளசர் வேணும்" என்று கேட்டார். அக்காலத்தில் எங்கள் பக்கத்தில் சொந்தக் காருக்குப் பிளசர் என்றே பெயர். அதில் ஏறிப் போனவர்கள் எத்தனை இன்பம் கண்டார்கள் என்பது வேறு விஷயம். ஏழு பேர் யார் யார் என்று கேட்டேன். தந்தை, தாயார் தெய்வானை ஆச்சி, தாம், தம் மனைவி வள்ளியம்மை, அக்காள் உமையாள், அக்காள் கணவர் என்று விரல் மடக்கினார். ஆறுதான் வந்தது. ஏழாவதாக, ஆச்சியின் முறுக்குத் தூக்கையும் தண்ணீர்க் கூஜாவையும் சேர்த்து ஓர் ஆள் என்று கணக்கு வைத்திருந்தார்.

கணக்கில் பிழை இருப்பதை நான் எடுத்துச் சொல்வதற்குள், வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த, வாங்குகிறவர்களுக்கு ஓட்டவும் போகிற எங்கள் டிரைவர் ரத்தினம் தலையை நிமிர்த்தினார். "அப்ப நான் வண்டிக்குப் பின்னாடியே ஓடியாரவாங்க?"

வீட்டுக்கு ஒரு ஆள்

ஆட்களை ஏற்றிப் பார்க்காமல் வண்டி வாங்கக் கூடாது என்பது தெய்வானை ஆச்சியின் சட்டம். ஆகவே மறுவாரம், உறவுப் பெண் ஒருத்தியைக் கெஞ்சி வீட்டில் இருத்திவிட்டு, உமையாளின் கணவரான மாப்பிள்ளை தவிரக் குடும்பம் முழுவதும் பஸ்ஸில் வந்து இறங்கியது. மற்றவர்கள் கார்களைச் சுற்றி வந்துகொண்டிருக்க, வள்ளியம்மை மட்டும் எங்கள் ஷெட்டின் பெயர்ப்பலகையை எழுத்துக் கூட்டிப் படிப்பவள்போல நின்றுகொண்டிருந்தாள். அவள் தைப்பிங்கில் பிறந்தவள். என் பேச்சில் மலேயாச் சாயல் காதில் விழுந்ததும் என் பக்கத்தில் வந்து நின்றாள். எனக்கும் அவளுக்கும் இந்தியாதான் வெளிநாடு என்பதை இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

அவள் கதை சிறியது. வாடகைக் காரில் இடம் ஐந்து பேருக்கு. கோயிலோ கல்யாணமோ, எங்கே புறப்பட்டாலும் சாவிக்கொத்து அவள் கைக்கு வந்துவிடும். வேலைக்காரர்கள் இருந்தாலும் வீட்டில் வீட்டுப் பெண் ஒருத்தி இருக்க வேண்டும் என்பது வழக்கம். புகுந்த வீட்டில் யார்மீதும் அவள் குறை சொல்லவில்லை. ஒரு மருமகளிடம் நான் மதிக்கும் குணம் அது. காரில் தனக்கு ஓர் இடம் இருந்தால் வெளியுலகம் உண்டு, இல்லாவிட்டால் அரிமளத்து முற்றம்தான் என்பதை மட்டும் தெளிவாக அறிந்திருந்தாள். நின்றிருந்த கார்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டாள். "இதுல எதுங்கக்கா, யாரும் எந்திரிச்சு எடம் விடாம நானும் ஏறுற வண்டி?"

முழங்கால் விவகாரம்

பட்டாளத்தில் ஓடிய வண்டி ஒன்று அப்போது எங்களிடம் இருந்தது. பின்புறம் இரண்டு பெஞ்சுகள் எதிரெதிராகப் போடப்பட்டிருக்கும். பத்துப் பேர்கூடத் தாராளமாக உட்காரலாம்; விலையும் குறைவு. வேலை முடிந்தது என்று எண்ணிக் கதவைத் திறந்து காட்டினேன்.

ஆச்சி உள்ளே எட்டிப் பார்த்தார். இந்தப் பெஞ்சில் தம்மையும் எதிர்ப் பெஞ்சில் மாப்பிள்ளையையும் மனத்துக்குள் உட்கார வைத்துப் பார்த்திருப்பார் போலும். எட்டிய வேகத்தில் தலையை வெளியே எடுத்தார். மாப்பிள்ளை எதிரே வந்தால் கதவுக்குப் பின்னே ஒதுங்கி நிற்கும் தலைமுறை அது. "மாமியா முழங்காலும் மாப்பிள முழங்காலும் ஊரு போய்ச் சேருற மட்டும் இடிச்சுக்கிட்டுப் போகவா? மூடி வையி ஆத்தா."

ஆச்சியின் பரீட்சை

மிஞ்சியது ஒரே வண்டி. மலைப் பக்கம் ஓர் எஸ்டேட் துரை வைத்திருந்த நீளமான கறுப்பு வண்டி அது. முன்னால் டிரைவரும் இன்னொருவரும்; பின்னால் அகலமான சீட்டில் மூவர்; நடுவே தரையோடு மடிந்து கிடக்கும் இரண்டு மடக்கு சீட்டுகள். நிமிர்த்தினால் இருவர் உட்காரலாம். எல்லோரும் முன்பக்கம் பார்த்தே உட்காருவதால் முழங்கால் விவகாரம் இல்லை.

பள்ளியில் நான் எழுதிய தேர்வுகள் எதுவும் ஆச்சி அந்த வண்டிக்கு வைத்த தேர்வுக்கு ஈடாகாது. பட்டுப் புடவையோடு ஏறினார், இறங்கினார். கணுக்காலுக்கு மேல் புடவை உயராமல் இறங்க முடிகிறதா என்று உமையாளை எதிரே நிறுத்திப் பார்க்கச் சொன்னார். மூடி இல்லாத கூஜாவில் தண்ணீர் நிரப்பி மடியில் வைத்துக்கொண்டு, ஊரணிக் கரை மேடு பள்ளத்தில் ரத்தினத்தை ஓட்டச் சொன்னார். புடவை நனையவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே இருந்தபடி மகனைத் திட்டினார்; வெளியே கேட்டதா என்று விசாரித்தார். கேட்கவில்லை என்றதும் முகம் மலர்ந்தது. பானெட்டைத் திறந்து காட்டட்டுமா என்று கேட்டேன். அவர் கூறிய பதிலுக்கு எந்தக் கையேட்டிலும் மறுப்பு இல்லை. "அது அங்கிட்டே கெடக்கட்டும். அங்க போயி யாரு உக்காரப் போறா?"

முந்திரிக்கு வந்த ஆசை

மாப்பிள்ளையையும் ஏற்றிப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை முடிவு சொல்வதாகக் கூறிப் போனார்கள். இடையில் கந்தர்வக்கோட்டையிலிருந்து மாரிமுத்து என்ற முந்திரித் தோப்புக்காரர் வந்தார். கறுப்பு வண்டியின் நீளத்தைத் துண்டால் அளந்தார். நடுவில் இருக்கும் மடக்கு சீட்டுகளை நிமிர்த்திக் காட்டினேன். அவர் அவற்றின் அடியில் இருந்த ஆணிகளைத்தான் பார்த்தார். பின்சீட்டையும் எடுத்துவிட்டால் எத்தனை மூட்டை பிடிக்கும் என்பதே அவர் யோசனை. சொன்ன விலைக்குத் தயாராக இருந்தார். என் கணவரும் தயாராகிவிட்டார்.

வெள்ளிவரை வாக்குக் கொடுத்தாயிற்று என்று நான் சொன்னேன். பேச்சைக் காப்பாற்றுவது நல்லதுதான் என்று மாரிமுத்து பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டு, வெள்ளிக்கிழமை மாலை வந்து பார்ப்பதாகக் கிளம்பினார். அரிமளத்தார் எடுக்காவிட்டால் அன்று மாலையே ஆணிகள் கழன்றுவிடும். வேறு மடக்கு சீட்டு வண்டி எப்போது எங்கள் கைக்கு வரும் என்பது யாருக்கும் தெரியாது. வாசலில் நின்று அவர் எனக்கு ஒரு சலுகையும் அளித்துவிட்டுப் போனார். "அந்தக் குட்டிச் சீட்டு ரெண்டையும் நீங்களே வச்சுக்கங்கம்மா. எம் முந்திரிக்கு உக்காரத் தெரியாது."

முக்காலி

வெள்ளிக்கிழமை அதே உறவுப் பெண்ணை வீட்டில் விட்டுவிட்டு ஆறு பேரும் வந்தார்கள். ரத்தினம் ஸ்டியரிங்கைப் பிடித்தார். சிதம்பரத்தின் தந்தையான பெரியவர் முன்னால் அமர்ந்தார். பின்சீட்டின் ஓரத்தில் ஆச்சியும் அடுத்து உமையாளும் உட்கார்ந்தார்கள். முழங்கால் வலி உள்ள ஆச்சியால் தாழ்வான மடக்கு சீட்டில் உட்கார முடியாது. ஆச்சி பின்சீட்டில் இருந்தால், மாப்பிள்ளை அதே சீட்டில் மாமியாரோடு உட்கார முடியாது. சிதம்பரம் ஒரு மடக்கு சீட்டை நிமிர்த்தி, "அத்தான், நீங்க இப்பிடி வாங்க" என்றார்.

மாப்பிள்ளை, புதுக்கோட்டைக் கடையை மாமனாரோடு சேர்ந்து நடத்துவதற்காக மனைவி வீட்டோடு வந்து தங்கியிருந்தவர். வீட்டோடு இருக்கும் மாப்பிள்ளைக்கு மரியாதை சற்றுக் கூடுதலாகவே வேண்டியிருக்கும். அவர் அந்தச் சீட்டைப் பார்த்தார், மைத்துனரைப் பார்த்தார். "முக்காலியில ஒக்காரவா எங்க அப்பச்சி என்னைய இங்க அனுப்புனாக?" என்று சொல்லிவிட்டு வாசலை நோக்கி நடந்தார்.

முன்சீட்டை மாப்பிள்ளைக்கு விட்டுவிடலாம் என்று பெரியவர் இறங்கினார். அப்படியானால் பெரியவர் பின்சீட்டுக்கு வர வேண்டும். அவர் கண்ணெதிரே, மடக்கு சீட்டில் வள்ளியம்மை கணவனோடு தோளுரச உட்கார வேண்டும். மாமனாருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அதை அந்த வீட்டில் யாரும் நினைத்தும் பார்க்க மாட்டார்கள். மிதிபலகையில் ஒரு காலை வைத்திருந்த வள்ளியம்மையை ஆச்சி பார்த்தார். அவர் கொடுமைக்காரர் அல்லர்; கணக்கை முடிக்க வேண்டியவர். "சரி விடு. வள்ளி வீட்ல இருந்துக்குவா" என்றார்.

வள்ளியம்மை காலை எடுக்கவில்லை. மாப்பிள்ளையோடு அவள் அதுவரை நேரே பேசியதில்லை என்று பின்னர் அறிந்தேன். அன்றும் நேரே பேசவில்லை. வாசல்வரை கேட்கும் குரலில், உள்ளே இருந்த உமையாளிடம் சொன்னாள். "மதினி, அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. தைப்பிங்குல எங்கூடப் பொறந்த அண்ணன் என்னையச் சைக்கிள் பாருல ஒக்கார வச்சு ஊரெல்லாம் காட்டுவாக. அந்தக் கம்பிக்கு இந்த முக்காலி தேவலையேன்னுதான் கேக்குறேன்."

கணவனுடைய அக்காள் புருஷன் ஒரு பெண்ணுக்கு அண்ணன் முறை. அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அந்த வீட்டில் அவர் நாள்தோறும் மாப்பிள்ளையாகவே இருந்தாரேயன்றி, அண்ணன் என்று கூப்பிட ஒருவரும் இருந்ததில்லை. ஒரே சொல்லில் அந்தப் பெண் அவருடைய பதவியை மாற்றிவிட்டாள். இலக்கணமாகப் பேசும் பலரை நான் அறிவேன். இவ்வளவு சிக்கனமாகப் பேசி இவ்வளவு காரியம் சாதித்தவரை அதற்குமுன் கண்டதில்லை.

மாப்பிள்ளை திரும்பி வந்தார். இரண்டாவது மடக்கு சீட்டைத் தம் கையாலேயே நிமிர்த்தினார். அது ஆடுகிறதா என்று அழுத்திப் பார்த்தார். பிறகு முதற்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "மாப்பிள்ளைக்குத்தான் முக்காலி ஆகாது. அண்ணனுக்கு என்ன? ஏறு தங்கச்சி" என்றார். பெரியவர் மறுபடியும் முன்சீட்டில் ஏறினார். சிதம்பரம் பின்னால் அக்காள் பக்கத்தில் போய் அமர்ந்தார். மாப்பிள்ளையிடம் நேரே பேசாத ஆச்சி, தம் முதுகுக்கு வைத்திருந்த தலையணையை உருவி மகளிடம் கொடுத்தார். உமையாள் அதைக் கணவர் முதுகுக்குப் பின்னே செருகினாள்.

கதவைச் சாத்தினேன், சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. நல்ல வண்டி. விலையைப் பெரியவர் கேட்கவுமில்லை, நான் குறைக்கவுமில்லை. ரத்தினம் கியரைப் போட்ட பிறகு ஆச்சி கண்ணாடியை இறக்கினார். என்னிடம் ஏதோ சொல்லப் போகிறார் என்று குனிந்தேன். அவர் ரத்தினத்திடம்தான் பேசினார். "டிரைவரு, கீழ ராஜ வீதியில செத்த நிப்பாட்டு. பெரிய பூட்டா ஒண்ணு வாங்கணும். எல்லாரும் கெளம்பிட்டா வீட்ல வேற யாரு இருக்கா?"

ஏழு பேர் உட்காரும் காரை எந்த நாட்டுத் தொழிற்சாலையும் செய்து அனுப்பிவிடும். ஏழு பேரையும் அதில் உட்கார வைக்கிற வேலையை மட்டும் அவர்கள் புதுக்கோட்டைக்கே விட்டுவிட்டார்கள்.