கமலவேணி கேட்கும் முதல் கேள்வி

ஆம்பூரில் கமலவேணி பதினொரு வருடமாக பார்லர் வைத்திருக்கிறாள். வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு சுழல் நாற்காலி, ஒரு பெரிய கண்ணாடி, நடுவே ஒரு திரை. பிறந்தது குடியாத்தத்தில், லுங்கி நெய்கிற வீட்டில். அறுந்த இழையைத் தேடி முடிந்து பழகிய விரல்கள் என்பதால் நூலால் புருவம் எடுக்கும் வேலை ஒரே வாரத்தில் கைக்கு வந்துவிட்டது. மற்றதையெல்லாம் கணவனிடமிருந்து கற்றாள். தான் இப்படிக் கற்றுக்கொள்வது அவனுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தாள்.

கணவன் கார்முகிலன் தோல் பதனிடும் ஒரு டேனரியில் சுண்ணாம்புப் பிரிவின் மேஸ்திரி. ஆடு, மாடு, எருமை என்று எந்தத் தோல் வந்தாலும் முடியைக் கழற்றி வழவழவென்று அடுத்த பிரிவுக்கு அனுப்புவது அவன் பொறுப்பு. எதற்கு எவ்வளவு சுண்ணாம்பு, எத்தனை மணி நேரம் என்பதைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தே சொல்லிவிடுவான். முடி எடுக்கத் தெரிந்த ஆள் வீட்டிலேயே இருக்கும்போது கமலவேணி வேறு எங்கே போய்க் கற்பாள்? ஆனால் ஒரு பெண்ணின் கையில் முடி என்று பேச்சை எடுத்தால் போதும், அவன் கூச்சப்பட்டு எழுந்து வாசலுக்குப் போய்விடுவான். அதனால் அவள் ஆட்டைப் பற்றிக் கேட்பாள்.

"மெல்லிசு தோலு, முடி மட்டும் கம்பி மாதிரி. அந்த மாதிரி ஆடு வந்தா இன்னா பண்ணுவீங்க?"

கார்முகிலன் சாப்பாட்டை மறந்துவிட்டு விளக்குவான். முடி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். வேர் இளகாமல் இழுத்தால் தோலின் மேல்பரப்பு கெட்டுவிடும். வயிற்றுப் பக்கத்துத் தோலும் முதுகுப் பக்கத்துத் தோலும் ஒன்றல்ல. கமலவேணி தலையாட்டிக்கொண்டே மனதுக்குள் ஆட்டை எடுத்துவிட்டு மேலத்தெரு ஆசிரியையை உட்காரவைப்பாள். முதுகுக்குப் பதில் முழங்கால், வயிற்றுக்குப் பதில் அக்குள்.

முதல் வருடத்தில் இந்தக் கணக்கு ஒருமுறை தவறியது. ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்த யோகலட்சுமிக்குக் கைகளில் அடர்த்தியான முடி. தடித்த முடி என்றால் சுண்ணாம்புக் குழியில் அதிக நேரம் கிடக்க வேண்டும் என்று கார்முகிலன் சொன்னதைக் கமலவேணி அப்படியே எடுத்துக்கொண்டாள். ஐந்து நிமிடம் என்று பெட்டியில் போட்டிருந்த கிரீமை இருபது நிமிடம் விட்டுவைத்தாள். முடி போனது. கூடவே கொஞ்சம் யோகலட்சுமியும் போனாள். மே மாத வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனவளிடம், ஆபீசர் ஆகிவிட்டாயா என்று ஒட்டுமொத்த லைனும் கேட்டதாம்.

ஒரு ஆடு சிவந்து போய்விட்டது என்று அன்று மாலை கமலவேணி மெல்ல ஆரம்பித்தாள்.

"குழியில கெடக்குற தோலு கத்தாது வேணி," என்றான் கார்முகிலன். "உயிரோட நிக்கிற ஆட்டுக்கு அதே கணக்க போட்டா கத்தும். ஓரமா துளி எடத்துல போட்டுப் பாத்துட்டு, ஒரு நாள் பொறுத்து மீதியைச் செய்யணும்."

அன்றிலிருந்து யார் வந்தாலும் முழங்கைக்கு உள்பக்கம் காசளவு இடத்தில் கிரீமைத் தடவி, மறுநாள் வரச் சொல்லிவிடுவாள். நாலு முடி எடுக்க நாலு நடையா என்று கேட்டவர்கள் உண்டு. கேட்டுவிட்டு மறுநாள் வந்தவர்களும் அவர்களே. தடித்த தோல், நீண்ட முடி என்றால் வேக்ஸ். சுருட்டை முடி என்றால் வேக்ஸ் கிடையாது. திரும்ப முளைக்கும் நுனி உள்ளேயே சுருண்டு கொப்புளமாகும். மேலுதட்டில் பூனைமுடி என்றால் நூல். இந்த அளவுக்கு அவளிடம் எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு செவ்வாய்க்கிழமை அன்வரி பேகம் மகள் முபஷ்ஷிராவைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அன்வரி பேகத்தின் குடும்பம் தோல் மண்டி வைத்திருக்கிறது; கார்முகிலனின் டேனரிக்கும் அங்கிருந்து தோல் போகும். மூட்டையிலிருந்து ஒரு தோலை உருவி, திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துத் தரம் சொல்வது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. அந்தப் பழக்கம் மனிதர்களிடமும் தொடரும். உள்ளே வந்ததும் கமலவேணியின் கையைத் திருப்பிப் பார்த்து, வேலை அதிகம் போல, வறண்டிருக்கிறது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை முபஷ்ஷிராவுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை வாலாஜாபேட்டை. நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் மணப்பெண்ணின் முக்காட்டை விலக்கி முகம் பார்ப்பார்கள். இந்தச் சம்பந்தியம்மாளோ மூன்று வீட்டுக் கல்யாணங்களில் குறை கண்டுபிடித்த கண்ணுக்குச் சொந்தக்காரர். முபஷ்ஷிராவுக்கு மேலுதட்டிலும் தாடையிலும் கருகருவென்று முடி. அன்றே வேக்ஸ் போட்டு வேரோடு எடுத்துவிட வேண்டும் என்றார் அன்வரி பேகம். பெண்ணின் தோல் பளபளப்புக்குத் தான் மூன்று மாதமாகத் தரும் பாதாம் பால்தான் காரணம் என்று வாலாஜாபேட்டையில் சொல்லிவைத்திருப்பதையும் சொன்னார்.

கமலவேணி கிட்டே போய்ப் பார்த்தாள். பளபளப்பு உண்மைதான். ஆனால் மூக்கோரத்தில் மெல்லிய செதில். விரல் பட்டதும் இளஞ்சிவப்பாகிறது. மெழுகு தீர்ந்துவிட்டது, நாளை வாருங்கள் என்று ஒரு பொய் சொல்லி அனுப்பிவைத்தாள்.

அன்று மாலை கார்முகிலன் கைகால் கழுவிவிட்டு உட்கார்ந்ததும் ஆட்டை ஓட்டிவந்தாள். பளபளவென்று ஓர் ஆடு, தொட்டால் சிவக்கிறது, ஓரத்தில் உரிகிறது.

கார்முகிலன் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"அந்த ஆட்டுக்கு நிக்காஹ் எப்போ?"

கமலவேணிக்குக் காது சூடாகிவிட்டது. எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டாள். ஆட்டுக்கு மேலுதடு கூசுகிறது என்று அவள் சொன்ன நாளிலிருந்து என்றான். அது பத்து வருடத்துக்கு முந்தைய ஆடு.

"எங்க யார்டுல லோடு எறங்கின உடனே ஒரே கேள்விதான் கேப்போம். இங்க வர்றதுக்கு முன்னாடி இதும்மேல இன்னா போட்டாங்க? உப்பா, வேற மருந்தா, எத்தன நாளு? அது தெரியாம நாங்க தோல தொடமாட்டோம். நீ கேட்டியா?"

அவள் கேட்கவில்லை. பதினொரு வருடத்தில் யாரிடமும் கேட்டதில்லை.

புதன்கிழமை முபஷ்ஷிராவைத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்து, அன்வரி பேகத்தை வெளியே மின்விசிறிக்கு அடியில் அமர்த்தினாள். முகத்தில் என்ன போடுகிறாய் என்று தணிந்த குரலில் கேட்டாள். பன்னீர் என்றது பெண். அப்புறம்? கடலைமாவு. அப்புறம்? முபஷ்ஷிரா திரையைப் பார்த்தாள்.

"பரு கிரீம்க்கா. என் ஃப்ரெண்டு அஃப்ஷாதான் மெடிக்கல்ல வாங்கித் தந்தா. மூணு மாசமா தெனம் போடறேன். தோலு உரிஞ்சி உரிஞ்சி புதுசா வருது."

"பாதாம் பாலு?"

"அத ஷாஹித் குடிச்சிடுவான்."

மூன்று மாதமாகத் தம்பி மட்டும் ஏன் ஊதிக்கொண்டே போகிறான் என்பது அந்த வீட்டில் யாருக்கும் விளங்காமல் இருந்ததாம். கமலவேணி சிரிப்பை அடக்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். அந்த கிரீம் மேல்தோலை மெலிதாக்கி வைத்திருக்கிறது. இதன்மேல் மெழுகை ஒட்டி இழுத்தால் முடியோடு தோலும் வரும். நூலும் வேண்டாம். கிரீமை இன்றே நிறுத்திவிட்டு, சனிக்கிழமை முகத்துக்கான சின்ன ரேஸரால் மேலோடு வழித்துவிடலாம். முதலில் தாடைக்கு அடியில் கொஞ்சம் வழித்துப் பார்ப்போம். பெண் சம்மதித்தாள், ஒரு நிபந்தனையோடு: கிரீம் விஷயம் அம்மாவுக்குத் தெரியக் கூடாது.

ரேஸர் என்ற வார்த்தை திரையைத் தாண்டிப் போனதும் அன்வரி பேகம் எழுந்து வந்தார். கல்யாணப் பொண்ணுக்கு ஷேவிங்கா, ஒன்றுக்கு இரண்டாக முளைக்காதா என்றார்.

"அம்மா, ஒரு தோலுல முடி மொளைக்கிற கண்ணு எப்பயாவது ஜாஸ்தி ஆயி பாத்திருக்கீங்களா?"

அன்வரி பேகம் யோசித்தார். முப்பது வருடத்தில் லட்சம் தோல் பார்த்த கண். அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

"கண்ணு எத்தனையோ முடியும் அத்தனைதான். வெட்டின நுனி மொட்டையா இருக்கும், அதனால தடிச்ச மாதிரி தெரியும். வேற ஒண்ணும் இல்ல."

"சரி, ஒத்துக்கறேன். ஆனா வேக்ஸ் ஏன் வேணாம்? அத சொல்லு."

அடுத்தவள் ரகசியத்தை எடுத்துப் போடவும் கமலவேணிக்கு மனமில்லை. மெழுகைக் கையில் எடுக்கவும் மனமில்லை. வேக்ஸ் மட்டும் வேண்டாம் என்றே திருப்பிச் சொன்னாள். அன்வரி பேகம் கைப்பையை எடுத்துக்கொண்டார். வேலூரில் பெரிய பார்லர் இருக்கிறது, அரைமணி நேரத்தில் போட்டுவிடுவார்கள் என்று மகளின் கையைப் பிடித்துக் கிளப்பினார். முபஷ்ஷிரா கூடவே நடந்தாள். செருப்பை மாட்டத் தொடங்கினாள். ஒரு செருப்போடு நின்றுவிட்டாள்.

"அம்மி, அது பாதாம் இல்ல."

மிச்சத்தை அவள் வாசற்படியில் நின்றே சொன்னாள், ஷாஹித் உட்பட. அன்வரி பேகம் மகளின் தாடையைப் பிடித்து வெயிலுக்குத் திருப்பினார். இந்தமுறை மூக்கோரத்துச் செதிலையும் பார்த்தார். தரம் தெரிந்தவர் என்பதால் அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"வாலாஜாபேட்டையில சொன்னது சொன்னதுதான்," என்றார். "அங்க அது பாதாம்தான். வேணி, உன் ரேஸர் எங்க, காட்டு."

சனிக்கிழமை வழித்தபோது அவரே பக்கத்தில் நின்று செல்போன் டார்ச்சைப் பிடித்தார். முடி சாய்ந்திருந்த பக்கமாகவே கத்தியை ஓட்டு, அழுத்தாதே என்று கமலவேணிக்கே பாடம் சொன்னார். ஒரு சிவப்புப் புள்ளிகூட வரவில்லை. முடிந்ததும் மகளை எழுப்பிவிட்டு, தன் தாடையில் பல நாளாக நின்றுகொண்டிருந்த இரண்டு முடிகளை முன்னிட்டு நாற்காலியில் தானே உட்கார்ந்தார். கமலவேணி ரேஸரைக் கீழே வைத்துவிட்டு, முகத்தில் என்ன போடுகிறீர்கள் என்று முதலில் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் சம்பந்தியம்மாள் முக்காட்டை விலக்கினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மணப்பெண்ணின் முகத்தை இடப்பக்கம் திருப்பினார், வலப்பக்கம் திருப்பினார். கமலவேணி தூண் ஓரம் நின்று எட்டிப் பார்த்தாள். முகத்தில் குறை பிடிக்க ஒன்றும் அகப்படாமல், சம்பந்தியம்மாள் கடைசியில் பிரியாணியில் உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போனார்.