கம்பளத்தில் மூக்கு வைத்தவர்

என் சித்தப்பாவுக்கு இந்த உலகத்தில் பிடிக்காத கேள்வி ஒன்று உண்டென்றால், அது "அக்கா இல்லீங்களா?" என்பதுதான்.

ஷட்டரைப் பாதி தூக்கும்போதே அந்தக் கேள்வி வந்துவிடும். தோளில் சுருட்டிய கம்பளத்தோடு வருகிறவர்கள், மேசைக்குப் பின்னால் முழு ஆளாக உட்கார்ந்திருக்கும் அவரைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். போர்டில் இருப்பது சித்தப்பாவின் பெயர். கம்பளம் துவைக்கும் தொழிலில் இருபத்தாறு வருடம் ஊறியவர் சித்தப்பா. சித்தி கடைக்குள் கால் வைத்து எட்டு வருடம்தான் ஆகிறது.

"உள்ள இருக்கா. ஏன், என்னைப் பார்த்தா ஆள் மாதிரி தெரியலையா?" என்பார். சிரித்துக்கொண்டே சொல்வதால் வந்தவர்களும் சிரிப்பார்கள். அவர்கள் போனதும் மேசை டிராயரைத் திறந்து, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு கோடு போடுவார். அக்காவைக் கேட்டவர்களுக்கு வலதுபக்கம். அவரைக் கேட்டவர்களுக்கு இடதுபக்கம். வலதுபக்கம் முள்வேலி மாதிரி நெருக்கியடித்துக் கிடக்கும். இடதுபக்கம் நான்கே கோடு. அதில் ஒன்று கேஸ் சிலிண்டர் போடுகிறவர் கேட்டது.

கல்லூரிப் படிப்புக்காகக் கிராமத்திலிருந்து வந்து மூன்று வருடம் நான் அவர்கள் வீட்டில்தான் தங்கினேன். கடைக்கு மேல் மாடி வீடு. எங்கள் வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. சித்தப்பா எனக்கு வைத்த பெயரே 'டிகிரி' என்பதுதான். "டேய் டிகிரி, அந்த வாளியைக் கொண்டா" என்பார், வாளி தூக்குவதற்கே படித்தவன் மாதிரி.

கடையின் பின்பக்கம் சரிவாக சிமெண்ட் போட்ட முற்றம். ஓரத்தில் தண்ணீர்த் தொட்டி. மேலே தகரக் கூரை, கீழே கம்பளத்தைப் படுக்கவைத்துக் காயப்போட இரும்பு வலைக் கட்டில்கள், எதிரெதிர் மூலையில் இரண்டு பெரிய மின்விசிறி. அந்த முற்றத்தில் சித்தப்பாவைப் பார்க்கவேண்டும். கம்பளத்தைக் குப்புறப் போட்டு முதுகில் தட்டித் தட்டியே அரை மணி நேரம் மண்ணை உதிர்ப்பார். "மண்ணோட தண்ணி ஊத்துனா சேறு. சேத்தைத் துவைக்கவா நான் கடை வச்சிருக்கேன்?" பிறகு வெள்ளைத்துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்து ஒவ்வொரு நிறத்தின் மேலும் அழுத்தி வைப்பார். அடுத்து சோப்புத் தண்ணீரில் நனைத்த துணி. துணியில் சாயம் ஒட்டினால் அந்தக் கம்பளம் தொட்டிப் பக்கமே போகாது. குஞ்சத்தில் ஒரு நூலைப் பிடுங்கி நெருப்பு காட்டுவார். கம்பளிக்கு முடி கருகும் வாசனை, கருகின இடம் மணி மாதிரி சுருண்டு விரலில் பொடியும். பருத்திக்குக் காகிதம் எரியும் வாசனை, சாம்பல் மிஞ்சும். சணல் விரிப்பென்றால் தண்ணீரே காட்டமாட்டார். குளியலறையில் ஊறவைத்து டீ நிறமாக்கிக் கொண்டுவந்த ஒருவரிடம், "சர்க்கரை போட மறந்துட்டீங்களே" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்.

கடைசி வேலைதான் மூக்கு வைப்பது. காய்ந்த கம்பளத்தைச் சுருட்டுமுன் மண்டியிட்டு, அதன் முதுகில் நான்கு மூலையிலும் நடுவிலும் மூக்கைப் புதைத்து முகரவேண்டும். மேலே கம்பளி மயிர் காய்ந்துபோயிருக்கும்; உள்ளே எலும்புக்கூடு மாதிரி ஓடும் பருத்தி நூல் மட்டும் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். கைக்குத் தெரியாது. மூக்குக்குத்தான் தெரியும். மூக்கு வைத்தவர் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் குஞ்சத்தில் கட்டவேண்டும். அது சித்தப்பாவே வைத்த சட்டம்.

இரண்டு வருடமாக எல்லாச் சீட்டிலும் சித்தியின் கையெழுத்து.

காரணம் அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது. இரண்டு வருடம் முன்பு சித்தப்பாவுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாளில் காய்ச்சல் போனது. கூடவே மூக்கின் மோப்பத்தையும் கொண்டுபோனது. பூவும் இல்லை, புகையும் இல்லை. அதை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. நூல் கொளுத்தினால் சாம்பலைப் பார்த்தே கண்டுபிடித்தார். மூக்கு வைக்கும் நேரம் வந்தால், "நீயே வை, எனக்கு முட்டி வலிக்குது" என்று சித்தியிடம் தள்ளிவிட்டார். ஒருநாள் அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்து பாத்திரம் கரியாகும் வரை பக்கத்திலேயே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சித்தி பிடித்துக்கொண்டு திட்டினாள். சோம்பேறி என்ற பட்டத்தை வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டார்.

அவர் தள்ளிவிட்ட வேலையில் சித்தி பெயர் வாங்கினாள். கம்பளத்தைப் பிரிக்குமுன்பே, "பூனை, ரெண்டு இடம்" என்பாள். "காபி இல்ல, சூப்பு" என்பாள். கொண்டுவந்தவர்கள் வாய்பிளப்பார்கள். சித்தப்பா அப்போதெல்லாம் முற்றத்தில் தண்ணீரை வேகமாகத் திறந்துவிடுவார், சத்தம் கேட்காதபடி. சாப்பிடும்போது என்னிடம் குத்திப் பேசுவார்: "டிகிரி, நீ ஏன்டா மூணு வருஷம் படிச்ச? உங்க சித்தி மாதிரி மூக்கை நீட்டியிருந்தா போதுமே."

"வயித்தெரிச்சலைச் சோத்தோட சேர்த்துச் சாப்பிடாதீங்க, செரிக்காது" என்பாள் சித்தி.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் பல் டாக்டரம்மாவின் கம்பளம் வந்தது. கையால் நெய்த கம்பளி, பதினோரு அடி நீளம், வெள்ளை நிலத்தில் ரத்தச் சிவப்பில் கட்டம். நெய்தது டாக்டரம்மாவின் மாமியார். அந்த மாமியார் சனிக்கிழமை மத்தியானம் வருகிறார். கம்பளத்தின் மேல் பூனை வருகிறது என்பது அவருக்குத் தெரியாது, தெரியவும் கூடாது.

"அக்கா, நீங்களே பார்த்துப் பண்ணிடுங்க. சனிக்கிழமை காலைல வந்து எடுத்துக்கறேன். வேற யார் கையிலயும் குடுத்துடாதீங்க" என்றார் டாக்டரம்மா. வேற யார் என்பவர் மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தார்.

அன்று காலண்டர் தாளில் கோடு போடவில்லை அவர். பென்சில் முனையைத்தான் ஒடித்தார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, சித்தியின் அக்காவுக்குக் கண் ஆபரேஷன் என்று போன் வந்தது. துணைக்கு ஆளில்லை. "வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள்ள வந்துடறேன். துவைச்சு மட்டும் வைங்க. நான் வந்து மூக்கு வச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

"துவைச்சு மட்டும் வைக்கணுமாம்" என்றார் சித்தப்பா, யாரிடம் என்றில்லாமல். "நான் வண்ணான். அவ டாக்டர்."

அவர் அந்தக் கம்பளத்தைத் துவைத்ததை நான் கூடவே இருந்து பார்த்தேன். பரீட்சை முடிந்து ரிசல்ட்டுக்குக் காத்திருந்த நேரம். சிவப்பு மேல் மட்டும் பதினாறு இடத்தில் வெள்ளைத்துணி வைத்துப் பார்த்தார். லேசான சாயம் ஒரே ஒரு கட்டத்தில் கசிந்தது. அந்தக் கட்டத்தை மட்டும், துணி வெள்ளையாகவே வரும்வரை வினிகர் கலந்த தண்ணீரால் ஒற்றி ஒற்றி அடக்கினார். மிச்சத்தை மயிர் சாய்ந்திருக்கும் திசையிலேயே கையால் நீவி, குளிர்ந்த தண்ணீர், கொஞ்சம் ஷாம்பு, உடனே அலசல். முறுக்கவில்லை, பிழியவில்லை, ரப்பர் கட்டையால் தள்ளித் தள்ளியே தண்ணீரை வெளியேற்றினார். வெள்ளை வெள்ளையாகவும் சிவப்பு சிவப்பாகவும் நின்றன. பூனைத் தடம் தெரியாமல் போனது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, "பார்த்துக்கடா. இது கை" என்றார்.

புதனும் வியாழனும் வானம் மூடிக்கிடந்தது. மின்விசிறி ஓடியும் காற்று பிசுபிசுத்தது. வெள்ளிக்கிழமை காலை அவர் புறங்கையால் கம்பளத்தை நெடுக்கத் தடவிப் பார்த்தார். என்னோடு சேர்ந்து ஒரு முனையைத் தூக்கி எடை பார்த்தார். பிறகு போனை எடுத்தார்.

"டாக்டரம்மா, நாளைக்கு வரவேணாம். இன்னைக்கே நாலு மணிக்கு வந்துடுங்க. ரெடி."

"சித்தி வந்துடட்டுமே சித்தப்பா."

"ஏன், அவ வந்துதான் சூரியன் உதிக்கணுமா?"

மண்டியிட்டார். நான்கு மூலை, நடு. ஒவ்வொரு இடத்திலும் மூக்கை வைத்து, கண்ணை மூடி, நிதானமாக இழுத்தார். பார்க்கிறவனுக்குச் சந்தேகமே வராது. சுருட்டி, சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கட்டினார். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவர் கையெழுத்து.

கம்பளத்தை முன்னறைக்குத் தூக்கிவந்தபோது என் மூக்கில் ஏதோ ஏறியது. மழையில் நனைந்த சாக்கை மடித்து வைத்தால் வருமே, அது.

"சித்தப்பா, ஏதோ வாடை வருதே?"

"கம்பளின்னா ஆட்டு வாடை அடிக்காம மல்லிகைப்பூ வாடையா அடிக்கும்? போடா."

இருபத்தாறு வருட அனுபவத்திடம் மூன்று வருடப் படிப்பு என்ன பேசும்? வாயை மூடிக்கொண்டேன்.

மூன்று மணிக்கு சித்தி வந்து நின்றாள். அக்கா மகள் வந்துவிட்டதால் முன்கூட்டியே கிளம்பிவிட்டாளாம். வாசல்படியில் ஒரு கால், தெருவில் ஒரு கால், கையில் பை.

"யாரு இதைச் சுருட்டுனது?"

சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். "நீங்களா மூக்கு வச்சீங்க?"

"ஏன், உன் மூக்குக்கு மட்டும்தான் லைசென்ஸ் குடுத்திருக்காங்களா?"

"இவ்வளவு ஈர நாத்தம் அடிக்குது. தெருவுலயே தெரியுது." சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய் ஒரு பாட்டிலோடு வந்தாள். "கண்ணை மூடுங்க."

"என்ன விளையாட்டு இது, பையன் முன்னாடி?"

"மூடுங்கன்னா."

மூடினார். வினிகர் பாட்டிலைத் திறந்து அவர் மூக்குக்குக் கீழே பிடித்தாள். எட்டடி தள்ளி நின்ற எனக்கே வாடை அடித்தது.

"என்ன இது?"

சித்தப்பா யோசித்தார். "ஷாம்பு" என்றார்.

சித்தி பாட்டிலை மூடினாள்.

"எத்தனை நாளா?"

"அந்தக் காய்ச்சல்லருந்து."

"அப்ப அந்தப் பால்..."

"ம்."

"அதுக்கு உங்களை மூணு நாள் திட்டினேன்."

"நாலு."

சித்தி ஸ்டூலில் உட்கார்ந்தாள். "என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"உன்கிட்டதான் சொல்லமுடியாது" என்றார் சித்தப்பா. "வர்றவனெல்லாம் உன் மூக்கைத் தேடி வர்றான். எனக்கு மூக்கே இல்லைன்னு தெரிஞ்சா, இந்தக் கடையில நான் யாரு? வாளி தூக்கறவன்."

வாளி தூக்கிக்கொண்டிருந்த நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கம்பளத்தை முற்றத்தில் குப்புற விரித்தோம். நடுவில் ஒரு பாய் அகலத்துக்கு ஈரம் அப்படியே இருந்தது. சித்தி வினிகர் தண்ணீரை லேசாகத் தெளித்துத் துணியால் ஒற்றினாள். சித்தப்பா இரண்டு மின்விசிறியையும் அடிப்பக்கம் திருப்பி வைத்தார். சொன்னபடி நாலு மணிக்கு டாக்டரம்மா முற்றத்துக்கே வந்துவிட்டார்.

"இன்னும் காயலை, நாளைக்குக் காலைலதான்" என்றாள் சித்தி.

"பரவாயில்ல. ஆனா நீங்க ஊருக்குப் போயிருந்தீங்களாமே? பக்கத்துக் கடைல சொன்னாங்க. அப்ப இதை யாரு துவைச்சது?"

சித்தி ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. "நான்தான் துவைச்சுட்டுப் போனேன்" என்றாள்.

அவரைக் காப்பாற்றத்தான் சொன்னாள். அது எனக்கே புரிந்தது. ஆனால் சித்தப்பாவின் கழுத்து நரம்பு புடைத்ததை நான் பார்த்தேன். மூக்கு அவளுடையது, பெயர் அவளுடையது, வருகிற ஆட்கள் அவளுடையவர்கள். அந்தப் பதினாறு வெள்ளைத்துணியும் இப்போது அவளுடையதாகப் போகிறது.

"இவ துவைக்கலை" என்றார். "துவைச்சது நான். இவ தொட்டியே பார்க்கலை. இவ வர்றதுக்குள்ள உங்ககிட்ட குடுத்துடணும்னு காயாததை அவசரமா சுருட்டுனதும் நான்தான். எனக்கு மோப்பம் போய் ரெண்டு வருஷமாச்சு, டாக்டரம்மா. முகர்ந்த மாதிரி நடிச்சேன். நாத்தம் என்னுது. ஆனா துவைச்சதும் என்னுது."

டாக்டரம்மா குனிந்து ஒரு மூலையைப் புரட்டினார். வெள்ளைக்கும் சிவப்புக்கும் நடுவில் விரலை ஓட்டினார். "போன தடவை வேற கடைல குடுத்தப்போ இந்தச் சிவப்பு ஓடி, எங்க மாமியார் ரெண்டு மாசம் என்னோட பேசலை" என்றார். "இப்ப ஒரு பொட்டு ஓடலையே."

"பதினாறு இடத்துல துணி வச்சுப் பார்த்தாருங்க" என்றேன் நான், யாரும் கேட்காமலே.

சனிக்கிழமை காலை சித்தி மண்டியிட்டு ஐந்து இடத்திலும் மூக்கு வைத்தாள். சீட்டை எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை அவர் பக்கம் நீட்டினாள். "நீங்களும் போடுங்க."

"எங்க போடறது? ஒரு கோடுதான் இருக்கு."

அந்த வாரமே புதுச் சீட்டு அடித்துக்கொண்டு வந்தோம். வாசகம் எழுதியது நான். துவைத்தவர் என்று ஒரு கோடு, முகர்ந்தவர் என்று ஒரு கோடு. எந்தக் கோடு மேலே என்பதில் அரை மணி நேரச் சண்டை. அகர வரிசைப்படிப் பார்த்தால் துவைத்தவர்தான் முன்னால் என்று என் படிப்பை வைத்துத் தீர்ப்பு சொன்னேன். "அதான்டா டிகிரி" என்றார் சித்தப்பா. என் படிப்பை அவர் மெச்சியது அந்த ஒரு தடவைதான்.

பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அது பொய். காலண்டர் தாள் இன்னும் டிராயரில் இருக்கிறது, வலதுபக்கம் வேலி இன்னும் அடர்த்தியாகத்தான் வளர்கிறது. போன வாரம் நான் கடையில் இருந்தபோது, இரண்டு பேர் பெரிய கம்பளம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வழக்கம்போல அவரைத் தாண்டி எட்டிப் பார்த்தார்கள்.

"அக்கா இல்லீங்களா?"

சித்தப்பா மீசையைத் தடவினார்.

"மூக்கு உள்ள இருக்கு" என்றார். "கை வேணும்னா உட்காருங்க."