ஆத்துல யாரும் இல்லன்னு சொன்னேன்

எங்க ஊரு சாத்தூருக்குப் பக்கம். எங்களுக்கு ஆறுன்னா மணலுதான். ஆடு மேய்க்கிறதும் அதுலதான், பட்டாசுக் கம்பெனிக்கு நாங்க குறுக்க நடந்து போறதும் அதுலதான். கெடா வெட்டுனா பந்தியும் அங்கனதான். என்னைக்காச்சும் தண்ணி வந்தா கூட்டமா வேடிக்கை பாக்கப் போவோம், அம்புட்டுதான்.

அந்த ஆறு எங்கன இருந்து வருதுன்னு பாத்துரணும்னு என் வீட்டுக்காரருக்கு ரொம்ப நாளா ஆசை. போன வருசம் கம்பெனி லீவு விட்டப்ப, "மேக்க மலைக்குள்ள ஒரு கோயிலு இருக்கு புள்ள, அப்பிடியே ஆத்தையும் பாத்துருவோம்"னு என்னையக் கூட்டிக்கிட்டுப் போனாரு.

காட்டுக்குள்ள போனா எனக்கு ஒண்ணும் மட்டுப்படல. ஒரு ஆறா வர்றது பாறை இடுக்குல நாலாப் பிரியுது. கொஞ்சம் மேல ஏறுனா ரெண்டு. அதுக்கும் மேல ஒண்ணுமே இல்ல, காலுக்கடியில தண்ணிச் சத்தம் மட்டும் கேக்குது. வலது பக்கம் ஓடுனது, திரும்பிப் பாத்தா இடது பக்கம் கெடக்கு. "ஏங்க, இதுல எதுங்க நம்ம ஆறு?"ன்னேன். "எல்லாமேதான்"னாரு. போங்க, நீங்களும் உங்க ஆறும்னு எரிச்சலா வந்துச்சு.

ஒரு எடத்துல தண்ணி ஓரமா வாய்க்கா கணக்கா ஓடுச்சு. நடுவுல அகலமா வெள்ளை மணல், மருத மரத்து நெழலு. அவருக்கு முட்டி வலி. "இங்கன படுத்திருங்க, நான் போயிச் சாமி கும்பிட்டுட்டு வந்துர்றேன்"னு மணல்ல துண்டை விரிச்சுக் குடுத்துட்டு ஏறுனேன்.

கோயிலுக்கிட்ட காட்டு வாட்சர் ஒருத்தரு விசிலடிச்சுக்கிட்டு ஓடி வந்தாரு. "மேல மழை பிடிச்சிருச்சு, தண்ணி எறங்கப் போகுது. உங்க ஆளுக யாரும் ஆத்துல இருக்காகளா?" வானத்தைப் பாத்தேன், பளீர்னு வெயிலு. "ஆத்துல யாரும் இல்லண்ணே"ன்னேன். அங்கன தண்ணி ஓடுறதுதான் ஆறு, என் வீட்டுக்காரரு மணல்லதான படுத்திருக்காருன்னு எனக்கு நெனப்பு. வாட்சரும் சரின்னு வேற பக்கம் ஓடிட்டாரு.

தண்ணிச் சத்தம் கேட்டப்பெறகுதான் அந்த மணலும் ஆறுதான்னு எனக்கு ஒறச்சுச்சு. அடிப் பாவி, என்ன காரியம் பண்ணிட்டேன்! விழுந்தடிச்சு ஓடுனேன். மணலைக் காணோம். எந்த மரத்தடின்னு தெரியல, எல்லா மரமும் ஒண்ணு போலவே நிக்கி. எங்கிட்டுத் திரும்புனாலும் செவசெவன்னு தண்ணி. ஏறுறேனா எறங்குறேனான்னே வெளங்கல. "ஏங்க, ஏங்க"ன்னு கத்துறேன், என் சத்தம் எனக்கே கேக்கல.

அக்கரையில ஒரு பாறை மேல நின்னாரு. ஒண்ணுக்குப் போறதுக்கு எந்திரிச்சு மேட்டுக்கு ஏறியிருக்காரு. அதுலதான் உசுரு தப்புச்சு. தண்ணி வடிஞ்சதும் வாட்சருதான் கயிறு கட்டி அவரைக் கூட்டியாந்தாரு.

பஸ்ல வரும்போது எனக்கு மனசு கேக்கல. "வாட்சர் கேட்டாருங்க, ஆத்துல யாரும் இல்லன்னு நாந்தான் சொல்லிட்டேன்"னு சொல்லி அழுதுட்டேன். வைவாருன்னு பாத்தேன்.

"எங்கிட்டக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன் புள்ள"ன்னாரு.

வஞ்சிருந்தாருன்னா அன்னைக்குத் தூங்கியிருப்பேன்.